பக்கிங்ஹாம்: ஒரு பட்டத்தின் சாவும் ஒரு கால்வாயின் பெயரும்

1

பிரிட்டிஷ் பிரபுப் பட்டங்கள் சாகிற விதத்துக்குத் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. ராஜத்துரோகம் என்று தலையை வெட்டினால் பட்டம் 'பறிமுதல்'. உரிமையை நிரூபித்துக்கொண்டு யாரும் வராவிட்டால் 'உறக்கம்'. பட்டக்காரரே மன்னரானால் 'கிரீடத்தோடு கலத்தல்'. ஆண் வாரிசு இல்லாமல் போனால் 'அற்றுப்போதல்'. நம்மூரில் 'வம்சம் அத்துப்போச்சு' என்பது சாபம். அங்கே அது சட்டப் பிரிவு.

பக்கிங்ஹாம் டியூக் என்ற பட்டம் இதில் முதல் வகையாகவும் செத்திருக்கிறது, கடைசி வகையாகவும் செத்திருக்கிறது. இறுதியாகச் செத்தது 1889இல். ஆண்வழியில் இடையறாமல் ஓடிவரும் ரத்தம் என்பதுதான் பட்டம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதையாடல். இந்தப் பட்டத்தின் வரலாற்றை வாசித்தால் கிடைப்பதோ வேறு: பெண்கள் கொண்டுவந்த நிலம், அடிமைகளின் உடல், கடன் பத்திரம், பஞ்சக் கூலி. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள விரிசலைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

2

1444இல் ஹம்ஃப்ரி ஸ்டாஃபோர்டு முதல் டியூக் ஆக்கப்படுகிறார். 1460இல் நார்த்தாம்ப்டன் போரில் சாகிறார். அவருடைய பேரன் ஹென்றி, மூன்றாம் ரிச்சர்டை அரியணையில் ஏற்றத் துணைநின்று, அதே 1483இல் அவனுக்கு எதிராகவே கிளம்பித் தலையை இழக்கிறார். ஹென்றியின் மகன் எட்வர்டுக்குப் பட்டம் திரும்பக் கிடைக்கிறது. 1521இல் எட்டாம் ஹென்றி அவருடைய தலையையும் வாங்கிவிடுகிறான். பட்டம் பறிமுதல்.

நூறு வருஷம் கழித்து அதே பெயர் வேறொரு குடும்பத்துக்குப் போகிறது. முதலாம் ஜேம்ஸின் பிரியத்துக்குரிய ஜார்ஜ் வில்லியர்ஸ் 1623இல் டியூக். 1628இல் போர்ட்ஸ்மத்தில் கத்திக்குத்தில் சாகிறார். நாடகமெல்லாம் எழுதிய அவருடைய மகன் 1687இல் வாரிசின்றிச் சாகப் பட்டம் அற்றுப்போகிறது. 1703இல் ஜான் ஷெஃபீல்டுக்கு, நார்மன்பி என்ற பெயரையும் சேர்த்து மறுபடி உண்டாக்குகிறார்கள். அவர் லண்டனில் கட்டிய வீட்டைப் பிறகு மூன்றாம் ஜார்ஜ் மன்னர் வாங்குகிறார். இன்றைய பக்கிங்ஹாம் அரண்மனை அதிலிருந்து வளர்ந்ததுதான். ஷெஃபீல்டின் மகன் பத்தொன்பது வயதில், 1735இல், செத்துப்போகப் பட்டம் மீண்டும் அற்றுப்போகிறது.

இந்த மூன்று குடும்பங்களுக்கும் ஒன்றோடொன்று ஆண்வழித் தொடர்பு கிடையாது. பெயர் மட்டும் கைமாறுகிறது. பட்டம் ரத்தத்தில் ஓடுவதல்ல, அரசன் எழுதித்தரும் சாசனம். 'உடலில் பிறந்த ஆண் வாரிசுகளுக்கு' என்று அந்தச் சாசனத்தில் வழக்கமாக வரும் தொடர்தான் ரத்தம் என்ற புனைவை உற்பத்தி செய்கிறது.

3

நான்காவது குடும்பத்துக்கு வருவோம். பக்கிங்ஹாம் - சாண்டோஸ் டியூக் என்று 1822இல் பட்டம் பெற்றவர்கள் இவர்கள். கடைசி டியூக்கின் முழுப் பெயர்: ரிச்சர்ட் பிளாண்டாஜெனட் கேம்ப்பெல் டெம்பிள்-நூஜென்ட்-பிரிட்ஜஸ்-சாண்டோஸ்-கிரென்வில். கேட்கச் சிரிப்பு வரலாம். இதைச் சார்பதிவாளர் அலுவலகத்து வில்லங்கச் சான்றிதழை வாசிப்பதுபோல வாசித்தால் விஷயம் பிடிபடும்.

டெம்பிள் என்பது ஹெஸ்டர் டெம்பிள் என்ற பெண். கிரென்வில் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட இவர் வழியாகத்தான் ஸ்டோ மாளிகை அவர்களிடம் வந்தது. நூஜென்ட் என்பது 1775இல் மணமுடித்து வந்த மேரி நூஜென்ட், அயர்லாந்துப் பிரபு ஒருவரின் மகள். பிரிட்ஜஸ், சாண்டோஸ் இரண்டும் 1796இல் வந்த அன்னா எலிசா. இவருடைய அப்பாதான் கடைசி சாண்டோஸ் டியூக். ஆண் பிள்ளை இல்லாததால் அந்தப் பட்டம் 1789இல் அற்றுப்போனது. சொத்து மட்டும் மகளோடு கிளம்பி வந்தது.

ஆக, ஒவ்வொரு கோடும் ஒரு பெண். ஒவ்வொரு பெண்ணும் ஒரு சொத்து. பட்டத்தைச் சுமக்கப் பெண்ணுடல் தகுதியற்றது. பட்டத்துக்குத் தீனி போட மட்டும் அது வேணும்.

அன்னா எலிசாவோடு வந்ததில் ஜமைக்காவின் 'ஹோப்' தோட்டமும் ஒன்று. அவருடைய அம்மாவின் முதல் கணவருக்குச் சொந்தமாயிருந்த கரும்புத் தோட்டம். 1833இல் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் வந்தபோது பிரிட்டிஷ் அரசு இரண்டு கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது. அடிமைகளுக்கு அல்ல, எஜமானர்களுக்கு. ஹோப் தோட்டத்தின் 379 பேருக்காக முதலாம் டியூக்குக்குக் கிடைத்தது 6,630 பவுண்டு. தலைக்குப் பதினேழரைப் பவுண்டு. அந்த 379 பேருக்குக் கிடைத்தது 1838 வரைக்குமான 'பயிற்சிக் காலம்' என்ற பெயரில் இன்னும் சில வருஷக் கட்டாய உழைப்பு. 'ஹோப்' என்றால் நம்பிக்கை என்று வேறு பொருள்!

இரண்டாம் டியூக் பட்டத்துக்கு வருமுன் நாடாளுமன்றத்தில் மேற்கிந்தியத் தோட்ட முதலாளிகளின் குரலாக இருந்தவர். 1832 சீர்திருத்தச் சட்டத்தில் அவர் புகுத்திய 'சாண்டோஸ் ஷரத்து' ஐம்பது பவுண்டு குத்தகை கட்டும் விவசாயிகளுக்கு வாக்குரிமை தந்தது. நல்ல காரியம்தானே என்று தோன்றும். இரகசிய வாக்கெடுப்பு 1872இல்தான் வந்தது. அதுவரை நிலப்பிரபு பார்த்துக்கொண்டிருக்க, அவன் நினைத்தால் வெளியேற்றக்கூடிய குத்தகைக்காரன் யாருக்கு ஓட்டுப்போடுவான்? ஜனநாயகத்தின் மொழியிலேயே பண்ணையார்த்தனத்தைப் பேச முடியும் என்பதற்கு இது நல்ல சான்று.

இந்த மனுஷன் 1845இல் விக்டோரியா ராணியை ஸ்டோவுக்கு அழைத்து ஆடம்பரமாக விருந்து வைத்தார். இரண்டே வருஷத்தில் ஜப்தி. கடன் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல். 1848இல் மாளிகைச் சாமான்கள் நாற்பது நாள் ஏலம் போயின. ஷேக்ஸ்பியரின் உருவப்படம் என்று உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் அச்சாகிற 'சாண்டோஸ் ஓவியம்' அந்த ஏலத்தில் விற்றதுதான். ஐரோப்பா முழுக்கப் புரட்சி நடந்த வருஷம் அது. இந்த டியூக்கைக் கவிழ்க்க எந்தப் புரட்சியும் தேவைப்படவில்லை. கடன்காரர்களே போதும்.

4

அவருடைய மகன்தான் மூன்றாம் டியூக். ரயில் கம்பெனித் தலைவராக இருந்து, காலனி மந்திரியாக இருந்து, அப்பனின் கடனோடு மல்லுக்கட்டியவர். 1875இல் மூன்று மகள்களின் தகப்பனாக, மனைவியை இழந்தவராக, சென்னை மாகாண கவர்னராக வந்திறங்கினார். மறு வருஷம் தாது வருஷப் பஞ்சம்.

அவர் கொடூரமானவர் என்று நிறுவுவது என் நோக்கமல்ல. அவருடைய அரசு பஞ்சத்துக்குத் தானியம் வாங்கியது. சந்தையில் தலையிடக் கூடாது என்ற கொள்கையைப் பிடித்துக்கொண்டிருந்த வைஸ்ராய் லிட்டனுக்கு அது பிடிக்கவில்லை. 1877 ஜனவரியில் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியை அனுப்பிவைத்தார் (டியூக்கின் பெயரிலுள்ள டெம்பிளோடு இவரைக் குழப்ப வேண்டாம்). நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியத்தின் விலையும் ஓரணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார் அவர். இதில் உடல் தாங்காது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். அந்த வருஷமே கூலியை உயர்த்த வேண்டிவந்தது. நடந்தது நல்லவர் கெட்டவர் சண்டை அல்ல. ஓர் உடல் சாகாமலிருக்க எவ்வளவு போதும் என்று கணக்குப் போடும் அதிகாரம் யாரிடம் என்ற சண்டை. 379 உடல்களுக்கு விலை போட்ட அதே கணக்கு மொழி இங்கே ராத்தலில் பேசுகிறது.

அந்த நிவாரண வேலைகளில் ஒன்று, அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் ஏறக்குறைய எட்டுக் கிலோமீட்டர் வாய்க்கால். வடக்கே எண்ணூர்ப் பக்கம் 1800களின் தொடக்கத்திலேயே காக்ரேன் கால்வாய் என்று வெட்டப்பட்டிருந்தது. அது படிப்படியாக நீண்டு, இந்த இணைப்பும் சேர்ந்து, 1878இல் மொத்தத்துக்கும் பக்கிங்ஹாம் கால்வாய் என்று பெயராயிற்று. பெத்தகஞ்சத்திலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர். பெரம்பூரில் 1876இல் தொடங்கிய பஞ்சாலைக்கும் அதே பெயர். பிற்பாடு பி அண்ட் சி மில் என்று நம் தொழிற்சங்க வரலாறு அறிந்த ஆலையின் முதல் எழுத்து இந்த டியூக்தான்.

5

1889இல் அவர் இறந்தபோது பட்டத்தைப் பிரித்துப்போட்ட விதத்தைப் பாருங்கள். ஸ்காட்லாந்தின் கின்லாஸ் பட்டம் பெண்ணுக்கும் போகலாம் என்பதால் மூத்த மகள் மேரிக்கு. டெம்பிள் ஏர்ல் பட்டம் அதன் சாசனத்திலிருந்த தனி ஏற்பாட்டின்படி சகோதரியின் மகனுக்கு. கோபம் என்ற பட்டம் தூரத்துச் சொந்தமான லிட்டில்டன் பிரபுவுக்கு. டியூக் பட்டம் மட்டும் அற்றுப்போயிற்று. மூன்று மகள்கள் உயிரோடிருக்க, வாரிசில்லை. ஸ்டோ மாளிகை 1923இல் பள்ளிக்கூடமானது.

1871 கணக்கெடுப்பில் சென்னை மாகாண மக்கள்தொகை சுமார் 3 கோடியே 12 லட்சம். 1881இல் 3 கோடியே 8 லட்சம். பத்து வருஷம் பிறந்தவர்களையெல்லாம் சேர்த்த பிறகும் குறைவு. எத்தனையோ குடிசைகளில் வம்சமே இல்லாமல் போயிருக்கிறது. அதைப் பதிவு செய்யச் சட்டத்தில் 'அற்றுப்போதல்' என்ற சொல் பயன்படவில்லை. அந்தச் சொல் பிரபுக்களுக்கு மட்டும் உரியது. பஞ்சத்தில் செத்தவன் 'மக்கள்தொகைக் குறைவு'.

1965, 66 புயல்களுக்குப் பின் கால்வாயில் படகுப் போக்குவரத்து தேய்ந்தது. 1990களில் பறக்கும் ரயிலின் தூண்கள் அதற்குள்ளேயே இறங்கின. கரையோரத்து மக்கள் மறுபடி மறுபடி அப்புறப்படுத்தப்படுகிறார்கள். ஆக்கிரமிப்பாளர்கள் என்று அவர்களைக் கோப்புகள் அழைக்கின்றன. கூலிக்கு மண் சுமந்து வெட்டியவர்களுக்குக் கரையில் உரிமையில்லை. ஆண் வாரிசில்லாமல் அற்றுப்போன ஒருவரின் பெயர் மட்டும் நம்முடைய வரைபடத்தில் பட்டா வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.