சிறுபான்மை அதிபர்: ரோ டே-வூவும் தென்கொரிய மக்களாட்சியும்

தென்கொரியாவில் நேரடி அதிபர் தேர்தலை ஏற்பதாக ஆளுங்கட்சி வேட்பாளர் ரோ டே-வூ 1987 ஜூன் 29 அன்று அறிவித்தார். அதை ஒரு தலைவரின் துணிவு என்பார் சிலர். ஜூன் மாதம் முழுவதும் தெருவில் நின்ற மக்களிடம் ஆட்சி அடிபணிந்தது என்பார் பலர். இரண்டாவது கூற்றில் உண்மை அதிகம். ஆயினும் இராணுவ ஆட்சி மக்களாட்சியாக மாறிய விதத்தை அந்த ஒரு நாளைக்கொண்டு விளக்கிவிட முடியாது. அதைத் தீர்மானித்தது, 1988 ஏப்ரல் முதல் 1990 ஜனவரி வரை தேசியப் பேரவையில் ரோவுக்குப் பெரும்பான்மை இல்லாமற்போனதே என்பது என் வாதம்.

ரோ யார் என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். 1979 டிசம்பர் 12 இரவு, பின்னர் அதிபரான சுன் டூ-ஹ்வான் இராணுவத் தலைமையைக் கைப்பற்றியபோது, வடகொரிய எல்லையைக் காத்துநின்ற 9ஆம் படைப்பிரிவின் துருப்புகளைத் தலைநகர் சோலுக்குள் கொண்டுவந்தவர் அவர். இருவரும் ஒரே இராணுவக் கல்லூரி வகுப்பினர். ஹனாஹோ என்ற இரகசிய அதிகாரிகள் குழுவினர். அப்படிப்பட்டவர் அதிபர் தேர்தலில் தம்மைச் 'சாதாரண மனிதன்' என்று கூறி வாக்குக் கேட்டார். எதிர்க்கட்சித் தலைவர்களான கிம் யங்-சாமும் கிம் டே-ஜங்கும் தனித்தனியே நின்றதால் 36.6 விழுக்காடு வாக்கே வெற்றிக்குப் போதுமானது. இந்தப் பிளவை வரலாற்றுத் துரோகம் என்று சாடுவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை: தம் ஆளே வாக்குப்பெட்டி வழியாக வந்தபின் தளபதிகளுக்குத் தேர்தலைக் கவிழ்க்கும் தேவை எழவில்லை.

1988 ஏப்ரலில் நடந்த தேசியப் பேரவைத் தேர்தலில் 299 இடங்களில் ஆளுங்கட்சி பெற்றவை 125. புதிய அரசியலமைப்பு பேரவையைக் கலைக்கும் அதிகாரத்தை அதிபரிடமிருந்து பறித்திருந்ததால், ரோவுக்குத் தப்பிக்க வழியில்லை. ஜூலையில் அவர் முன்மொழிந்த தலைமை நீதிபதியைப் பேரவை நிராகரித்தது. நிர்வாகத்தைத் தணிக்கை செய்யும் பேரவையின் உரிமை மீண்டது. ஆண்டிறுதியில், குவாங்ஜு நகரில் இராணுவம் நடத்திய படுகொலை, சுன் ஆட்சியின் ஊழல் குறித்த விசாரணைகள் தொலைக்காட்சியில் நேரலையாகின. நேற்றுவரை பெயரைச் சொல்லவே அஞ்சிய அதிகாரிகளை உறுப்பினர்கள் குறுக்கு விசாரணை செய்வதை வீடுகளில் அமர்ந்து மக்கள் பார்த்தார்கள். நவம்பரில் சுன் நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கேட்டு, பெக்தாம்சா என்ற மலைக்கோயிலுக்கு ஒதுங்கினார். நண்பனைக் காக்க ரோவிடம் வாக்கு எண்ணிக்கை இல்லை. படையை அழைக்கவோ துணிவில்லை. கேலியாக அவரைத் 'தண்ணீர்' என்றார்கள். அந்த நெகிழ்வில் குணத்தைவிடக் கணக்கின் பங்கே பெரிது.

இந்த வாதத்துக்கு மறுபக்கச் சான்று 1990 ஜனவரியில் கிடைக்கிறது. கிம் யங்-சாம், கிம் ஜொங்-பில் ஆகியோரின் எதிர்க்கட்சிகளைத் தம் கட்சியோடு இணைத்து, ரோ பேரவையில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினார். அதன்பின் சீர்திருத்தம் தளர்ந்தது. அக்டோபரில், இராணுவப் பாதுகாப்புப் பிரிவு குடிமக்களை இரகசியமாகக் கண்காணித்த ஆவணங்களை ஒரு படைவீரர் வெளியிட்டார். உள்ளாட்சித் தலைவர்களுக்கான தேர்தல் சட்டப்படி 1992இல் வந்திருக்க வேண்டும். அது 1995க்குத் தள்ளிப்போனது. அயலுறவில் மட்டும் வேகம் குறையவில்லை: 1990இல் சோவியத் ஒன்றியத்துடனும் 1992இல் சீனாவுடனும் உறவு மலர்ந்தது. பேரவையின் கை அதிகம் எட்டாத களம் அது.

அதே இணைப்புதான் கிம் யங்-சாமை ஆளுங்கட்சி வேட்பாளராக்கி, 1993இல் அதிபர் பதவியில் அமர்த்தியது. இராணுவத்தைக் கலந்தாலோசிக்காமலேயே ஹனாஹோ தளபதிகளை அவர் பதவியிலிருந்து அகற்றினார். 1995 நவம்பரில், பதவிக்காலத்தில் திரட்டிய இரகசிய நிதிக்காக ரோ கைதானார்.