அறை வெப்பநிலை மீக்கடத்திக் கலப்புலோகம்

அறை வெப்பநிலை மீக்கடத்திக் கலப்புலோகம் என்பது, குளிரூட்டப்படாமலேயே மின்தடை சிறிதும் இன்றி மின்சாரத்தைக் கடத்தும் எனக் கருதப்படும் கருதுகோள்நிலை உலோகக் கலவை ஆகும். இயல்பான வளிமண்டல அழுத்தத்தில் இத்தகைய பொருள் எதுவும் இதுவரை உறுதிசெய்யப்படவில்லை.

பின்னணி

1911 ஆம் ஆண்டில் காமர்லிங் ஓன்னசு, பாதரசம் ஏறத்தாழ 4.2 கெல்வினில் மின்தடையை இழப்பதைக் கண்டறிந்தார். இன்று பரவலாகப் பயன்படும் நையோபியம்-தைட்டானியம் கலப்புலோகம் ஏறத்தாழ 10 கெல்வினுக்குக் கீழேயே மீக்கடத்தியாகின்றது. ஆகவே பெரும்பாலான எம்.ஆர்.ஐ. கருவிகளின் காந்தச் சுருள்கள் நீர்ம ஈலியத்தால் குளிர்விக்கப்படுகின்றன.

ஒரு பொருளை மீக்கடத்தி என ஏற்க இரு சான்றுகள் தேவை: மின்தடை முற்றிலும் மறைதல், காந்தப்புலத்தை உள்ளிருந்து வெளித்தள்ளும் மெய்சுனர் விளைவு. மின்தடை மறைந்ததாகத் தோன்றுவது மட்டும் போதாது. அளவிடும் இணைப்பு அறுந்தாலும் மின்னழுத்தம் சுழியாகத் தெரியக்கூடும்.

பெங்களூர் ஆய்வு

2018 சூலையில், பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த தேவ் குமார் தாப்பா, அன்சு பாண்டே ஆகியோர், தங்கத்தினுள் வெள்ளி நுண்துகள்கள் பதிந்த பொருள் 236 கெல்வினில் மீக்கடத்தியாவதாக முன்பதிப்புக் கட்டுரை வெளியிட்டனர். வெவ்வேறு காந்தப்புலங்களில் எடுத்த இரு அளவீடுகளில் இரைச்சல் ஒரே வடிவில் இருப்பதை அமெரிக்க இயற்பியலாளர் பிரையன் இசுக்கின்னர் சுட்டிக்காட்டினார். இரைச்சல் தற்செயலானது, எனவே அது அவ்வாறு ஒத்திருப்பது ஐயத்தை எழுப்பியது. 2019 இல் கூடுதல் தரவுகளுடன் திருத்திய கட்டுரை வெளியானது. எனினும் இம்முடிவு பரவலாக ஏற்கப்படவில்லை.

236 கெல்வின் என்பது −37 °செ ஆகும். கோடையில் 37 °செ வெப்பநிலையை எட்டும் திண்டுக்கல் சமவெளியில், இப்பொருள் உண்மையாயினும் அதனை 74 பாகை குளிர்விக்க வேண்டியிருக்கும்.

தவறான கருத்துகள்

* நற்கடத்திகளே சிறந்த மீக்கடத்திகள்: தங்கம், வெள்ளி, செம்பு ஆகியவை இயல்பழுத்தத்தில் மீக்கடத்திகளாக அறியப்படவில்லை. இவற்றைவிடக் குறைவாகக் கடத்தும் ஈயமும் வெள்ளீயமும் மீக்கடத்திகளாகின்றன.
* மிதந்தால் மீக்கடத்தி: மென்மையான காரீயத் தகடும் வலிய காந்தத்தின் மேல் மிதக்கும். 2023 இல் தென்கொரியாவில் அறிவிக்கப்பட்ட எல்.கே.-99 பொருளின் மிதப்புக் காணொளி பெரிதும் பரவியது. தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சோதனையில் மீக்கடத்துதிறன் காணப்படவில்லை.
* மீக்கடத்தி மின்சாரத்தை உண்டாக்கும்: அது கடத்தலின்போது ஏற்படும் இழப்பை நீக்குமேயன்றி ஆற்றலைப் படைக்காது. மின்னோட்டம் வரம்பை மீறினால் மீக்கடத்துநிலையும் அழியும்.
* அரிசியை இழுக்கும் இரிடியக் கலசம்: தமிழ்நாட்டில் பலர் பணம் இழந்த மோசடி இது. இரிடியம் விலையுயர்ந்த உலோகமே. எனினும் 1 கெல்வினுக்கும் மிகக் கீழேயே மீக்கடத்தியாகின்றது. அதற்கோ அதன் கலவைகளுக்கோ அரிசியை ஈர்க்கும் ஆற்றல் இல்லை. இரும்புத்தூள் பூசிய அரிசியும் மறைத்து வைத்த காந்தமும் இருந்தால் இக்காட்சியை எவரும் நிகழ்த்தலாம்.

இவற்றையும் பார்க்க

* மீக்கடத்துதிறன்
* மெய்சுனர் விளைவு
* இரிடியம்