வறுமையின் வகைகளும் அளவுகோலும்

வறுமை மனித சமுதாயத்திற்குப் புதியதன்று. ஆயின், அதனை வகைப்படுத்தி அளக்கும் முயற்சி பிற்காலத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், கைத்தொழில் வளத்தின் உச்சியில் நின்ற இங்கிலாந்திலேயே அம்முயற்சி வேரூன்றியது.

1899இல் சீபோம் றவுண்ட்றீ யோர்க் நகரத் தொழிலாளர் குடும்பங்களை வீடுவீடாக ஆராய்வித்தார். உடல்வலுவைப் பேணுவதற்கு இன்றியமையாதவற்றை மட்டுங் கணக்கிட்டு, பெற்றோரும் மூன்று பிள்ளைகளும் கொண்ட குடும்பத்திற்கு வாரம் 21 சிலிங் 8 பென்ஸ் வேண்டுமென வரையறுத்தார். புகையிரதப் பயணத்திற்கோ, கடித முத்திரைக்கோ அதில் ஒரு பென்னியேனும் ஒதுக்கப்படவில்லை. இந்த எல்லையை எட்டாத வருவாயினால் விளைவது முதனிலை வறுமை. வருவாய் எல்லையை எட்டியும், அதன் ஒரு பகுதி பயனுள்ளதும் வீணானதுமாகிய பிற செலவுகளிற் கரைவதால் நேர்வது இரண்டாம் நிலை வறுமை. நகர மக்களில் ஏறத்தாழ 28 சதவீதத்தினர் இவ்விரு நிலைகளுள் ஒன்றில் அடங்கினர். முதனிலை வறுமையுற்றோருட் பாதிக்கு மேற்பட்டோர், குடும்பத் தலைவன் ஒழுங்காகத் தொழில் புரிந்தும் கூலி போதாமையால் வறியராயினர். சோம்பலே வறுமையின் தாய் என்னும் கொள்கை இதனால் ஆட்டங்கண்டது.

1951இல் வெளிவந்த றவுண்ட்றீயின் மூன்றாவது ஆய்வு, யோர்க்கில் வறுமை பெரிதும் அருகிவிட்டதெனக் காட்டியது. ஆயினும், 1965இல் பிறையன் ஏபெல் சிமித்தும் பீற்றர் டவுன்சென்டும் அரசின் உதவிப்பண அளவிலும் 40 சதவீதம் உயர்ந்த எல்லையைக் கொண்டு கணித்தபோது, 1960இல் பிரித்தானியாவில் ஏறத்தாழ 75 இலட்சம் பேர் வறியோராக இருந்தமை புலனாயிற்று. தான் வாழும் சமூகத்தில் வழமையாகிவிட்ட உணவையும் வசதிகளையும் உறவாடலையும் ஒருவன் வளமின்மையால் இழத்தலே வறுமையென டவுன்சென்ட் 1979இல் விளக்கினார். இது சார்பு வறுமை எனப்படும்.

இக்கருத்தின் வித்து முன்னரே ஊன்றப்பட்டிருந்தது. பண்டைய கிரேக்கரும் உரோமரும் லினன் சட்டையின்றியே நலமாக வாழ்ந்தனர். தம் காலத் தொழிலாளியோ அஃதின்றிப் பொதுவிடத்தில் தோன்ற நாணுவான் என அடம் சிமித் 1776இலேயே சுட்டினார். 1983இல் அமர்த்தியா சென் இதனை ஆதாரமாகக் கொண்டு, நாணமின்றி வாழும் ஆற்றல் எங்கும் ஒன்றே, அதற்கு வேண்டிய பொருள்களே சமூகத்திற்குச் சமூகம் வேறுபடுவன என வாதிட்டார்.

இவ்வகைப்பாடுகள் வெறும் சொல்லாராய்ச்சி எனக் கொள்ளத்தக்கனவல்ல. உயிர் தாங்குதலை மட்டும் எல்லையாகக் கொண்டால் வறியோர் தொகை சுருங்கும். மானத்துடன் வாழ்தலை எல்லையாகக் கொண்டால் அது விரியும். எந்தக் கோட்டை வரைவது என்று தீர்மானிப்போர், எவருடைய குறை சமூகத்தின் பொறுப்பாகும் என்பதையும் உடன் தீர்மானித்துவிடுகின்றனர்.