முற்றத்தைத் தாண்டாத கேமரா

1843-ல் இங்கிலாந்தில் ஒரு புத்தகம் வரத் தொடங்கியது. 'வெளியானது' என்று சொன்னால் கொஞ்சம் மிகை. பதிப்பாளர் கிடையாது, அச்சகம் கிடையாது. ஒவ்வொரு பிரதியின் ஒவ்வொரு பக்கமும் வீட்டில் கையால் செய்யப்பட்டது. செய்தவர் அதைக் கடையில் விற்கவில்லை, தெரிந்தவர்களுக்கும் அறிவியல் சங்கங்களுக்கும் பகுதி பகுதியாக அனுப்பினார். உள்ளே கடற்பாசிகள். ஆழ்ந்த நீலப் பின்னணியில் வெள்ளை வெள்ளையாக, எக்ஸ்ரே எடுத்த மாதிரி. முன்னுரைக்குக் கீழே 'ஏ.ஏ.' என்று இரண்டே எழுத்து.

பல வருடங்கள் கழித்து அதன் பிரதி ஒன்று ஒரு சேகரிப்பாளர் கையில் கிடைத்தது. அந்த ஏ.ஏ. யாரென்று அவருக்குத் தெரியவில்லை. 'அனானிமஸ் அமெச்சூர்' என்பதன் சுருக்கமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். யாரோ ஒரு அமெச்சூர், பேர் தெரியாது, அவ்வளவுதான்.

பேர் உண்டு. ஆன்னா அட்கின்ஸ். 1799-ல் பிறந்தவர், கென்ட் மாவட்டத்தில் ஹால்ஸ்டெட் என்கிற ஊரில் இருந்த வீட்டில் உட்கார்ந்து இதைச் செய்தார். புகைப்படங்களால் ஆன உலகின் முதல் புத்தகம் இதுதான் என்று இன்று பொதுவாக ஒப்புக்கொள்கிறார்கள். புகைப்படக்கலையின் தந்தைகளில் ஒருவரான டால்பட்டின் பிரபலமான புத்தகம் 1844-ல்தான் வர ஆரம்பித்தது. அட்கின்ஸ் அதற்குச் சில மாதங்கள் முந்திவிட்டார்.

ஆனால் அந்தச் சேகரிப்பாளரின் ஊகத்தில் பாதி சரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அனானிமஸ் என்பது தப்பு, அமெச்சூர் என்பது சரி. 'அமெச்சூர்தனமா இருக்கு' என்று நாம் ஒன்றைத் தள்ளிவிடுகிறோமே, அந்தச் சொல்லுக்கு வேர் லத்தீனில் 'நேசிப்பது'. காசுக்காகச் செய்யாமல் ஆசைக்காகச் செய்கிறவர். வீட்டு வாசல், தோட்டம், முற்றம், பூனை, நாய், பல்லி, மழைத்துளி ஆகியவற்றின் புகைப்பட வரலாறு கிட்டத்தட்ட முழுக்க இந்த ஆட்களின் வரலாறுதான். அந்த ஆசை எதையெல்லாம் காட்டியது, எதையெல்லாம் மறைத்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

அசையாதவை மட்டும்

அட்கின்ஸிடம் இந்த வேலைக்குக் கேமராவே தேவைப்படவில்லை. குடும்ப நண்பரான வானியலாளர் ஜான் ஹெர்ஷல் 1842-ல் 'சயனோடைப்' என்கிற முறையைக் கண்டுபிடித்திருந்தார். இரண்டு இரும்பு உப்புகளைக் கரைத்துக் காகிதத்தில் பூச வேண்டும். இருட்டில் காயவிட வேண்டும். மேலே செடியை வைத்து, கண்ணாடியால் அழுத்தி, வெயிலில் வைக்க வேண்டும். அப்புறம் தண்ணீரில் அலசினால் போதும். வெயில் பட்ட இடம் நீலமாகும், செடி மறைத்த இடம் வெள்ளையாக நிற்கும். கட்டட வரைபடத்தை 'ப்ளூ பிரிண்ட்' என்கிறோமே, அதுவும் இதே வேதியியல்தான்.

சுமார் 10 வருடம், 1853 வரை, இதையே செய்துகொண்டிருந்தார். கிட்டத்தட்ட 400 படங்கள். ஒவ்வொரு பிரதிக்கும் ஒவ்வொரு முறை வெயில்.

கடற்பாசி ஒத்துழைத்தது, ஏனென்றால் அது அசையாது. அந்தக் காலத்துப் புகைப்படத்துக்கு இருந்த பெரிய நிபந்தனையே அதுதான். 1838-ல் தாகேர் பாரிஸின் ஒரு பெரிய தெருவைப் படமெடுத்தார். வண்டியும் ஆட்களுமாக இருந்திருக்க வேண்டிய தெரு அது. படத்திலோ காலியாகக் கிடக்கிறது. நகர்ந்த எல்லாமே அழிந்துபோயின. ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு ஒரே இடத்தில் நின்ற ஒரு ஆள் மட்டும் பதிந்திருக்கிறார்.

இப்படி ஒரு கருவியை ஒரு நாய் முன்னால் வைத்தால் என்ன ஆகும்? 1840-களின், 50-களின் பழைய படங்களில் அதைப் பார்க்கலாம். எஜமானி மடியில் தெளிவான நாலு காலும், தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் புகையுமாக நாய் உட்கார்ந்திருக்கும். நன்றாகப் பதிந்தவை பல தூங்குகிற நாய்கள், இல்லையென்றால் யாரோ இறுக்கிப் பிடித்திருக்கிற நாய்கள். அதன் இயல்பான துள்ளல் எதுவும் அந்தத் தகட்டில் நிற்காது. நேசித்ததைப் படமெடுக்க வேண்டுமென்றால் அது அதுவாக இல்லாதபோதுதான் முடியும் என்கிற நிலை.

1870-களின் கடைசியில் ஜெலட்டின் பூசிய உலர் தட்டுகள் பரவின. எக்ஸ்போஷர் நொடியின் சின்னப் பகுதிக்கு இறங்கியது. 1888-ல் ஜார்ஜ் ஈஸ்ட்மனின் கோடாக் கேமரா வந்தது. உள்ளேயே 100 படத்துக்கான சுருள், விலை 25 டாலர். எடுத்து முடித்ததும் கேமராவையே கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். 1900-ல் ப்ரௌனி வந்தது. அட்டைப்பெட்டி மாதிரி ஒரு கேமரா, விலை ஒரே ஒரு டாலர். குழந்தைகளுக்கென்றே விளம்பரம் செய்தார்கள். கேமரா ஸ்டூடியோவிலிருந்து கிளம்பிச் சமையலறைக்கும் கொல்லைப்புறத்துக்கும் வந்துசேர்ந்தது இந்தப் பன்னிரண்டு வருடத்தில்தான்.

அதே நேரத்தில் பாரிஸில், 1894-ல் பிறந்த ழாக் ஆன்ரி லார்டீக் என்கிற பணக்கார வீட்டுப் பையனுக்கு அவனுடைய அப்பா கேமரா வாங்கிக் கொடுத்தார். அவன் தன் வீட்டைத்தான் எடுத்தான். அண்ணன், சொந்தக்காரர்கள், பூனை, மாடிப்படியிலிருந்து குதிக்கிற உறவுப் பெண். எல்லாம் அந்தரத்தில் நிற்கிற படங்கள். அவை ஆல்பங்களிலேயே கிடந்தன. 1963-ல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் அவற்றைக் காட்சிக்கு வைத்தபோது அந்தப் 'பையனுக்கு' வயது 70-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது.

உருகுவதற்குள்

கோடாக் வருவதற்கு முந்தைய காலத்துக்குக் கொஞ்சம் திரும்பிப் போவோம். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிகோ என்று ஒரு சின்ன ஊர். குளிர்காலத்தில் பனி கொட்டோ கொட்டென்று கொட்டும். அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் 1865-ல் வில்சன் பென்ட்லி பிறந்தான். பல வருடங்கள் வீட்டிலேயே படிப்பு. அம்மா முன்பு டீச்சராக இருந்தவர். அவரிடம் ஒரு பழைய மைக்ராஸ்கோப் இருந்தது. அதை 15 வயது மகனிடம் கொடுத்தார். அவன் அதற்கடியில் பனித்துகளை வைத்துப் பார்த்தான். அன்றிலிருந்து வேறு எதிலும் மனசு போகவில்லை.

முதலில் வரைந்து பார்த்தான். பாதி வரைவதற்குள் துகள் உருகிப்போகும். கேமராவையும் மைக்ராஸ்கோப்பையும் இணைத்தால் முடியும் என்று எங்கேயோ படித்துவிட்டு வீட்டில் கேட்டான். பால்மாடு வைத்துப் பிழைக்கிற குடும்பத்துக்குப் பெரிய செலவு. அப்பாவுக்கு இதெல்லாம் வெட்டி வேலை. இருந்தும் வாங்கிக் கொடுத்தார்கள். பலமுறை தோற்ற பிறகு 1885 ஜனவரி 15 அன்று, 19 வயதில், ஒரு தனிப் பனிப்படிகத்தின் புகைப்படம் அவனுக்குக் கிடைத்தது.

வேலை நடந்த இடம் வீட்டை ஒட்டிய, கணப்பு இல்லாத ஒரு கொட்டகை. கணப்பு போட்டால் பனி உருகிவிடும், அதனால் எடுக்கிறவர்தான் நடுங்க வேண்டும். கறுப்புப் பலகையை வெளியே நீட்டி விழுகிற துகள்களைப் பிடிப்பார். பார்த்ததும் தேறாதவற்றை இறகால் துடைத்துவிடுவார். தேறியதை மெல்லக் கண்ணாடிச் சில்லுக்கு மாற்றுவார். மூச்சை அடக்கிக்கொள்வார், விட்டால் அந்தச் சூட்டிலேயே போய்விடும். ஜன்னல் வெளிச்சத்தில் படம். நாற்பத்தாறு குளிர்காலம், 5,000-க்கும் மேல் படங்கள். ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். அவர் கண்ணாடி ஸ்லைடு ஒன்றை 5 சென்ட்டுக்கு விற்றார். எல்லாவற்றையும் சேர்த்தால் போட்ட காசுகூடத் திரும்பவில்லை.

1931-ல் அமெரிக்க வானிலைத் துறையைச் சேர்ந்த ஹம்ஃப்ரீஸுடன் சேர்ந்து 'ஸ்னோ கிரிஸ்டல்ஸ்' புத்தகம் வந்தது. 2,400-க்கும் மேற்பட்ட படங்கள். அதே வருடம் டிசம்பரில், பனிப்புயலில் வீட்டுக்கு நடந்து வந்தவர் நிமோனியாவில் விழுந்தார். 23-ஆம் தேதி இறந்துபோனார்.

இறகு துடைத்துப் போட்டவை

இங்கே முடித்தால் அழகான கதை. ஆனால் அந்த இறகை மறந்துவிடக் கூடாது.

பென்ட்லி வாழ்ந்த காலத்திலேயே ஜெர்மனியில் குஸ்டாவ் ஹெல்மன் என்கிற வானிலை அறிஞரும் நாய்ஹௌஸ் என்கிற புகைப்படக்காரரும் பனிப்படிகங்களை எடுத்தார்கள். அவர்களுடைய படங்களில் பனிப்படிகம் அவ்வளவு ஒழுங்காக இல்லை. ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. ஓரம் உடைந்தது, ஒட்டிக்கொண்டது, கோணலானது. பென்ட்லியுடையவையோ கம்பளக் கோலம் மாதிரி ஆறு பக்கமும் அச்சு மாறாமல் இருந்தன. ஜெர்மானியர்களுக்குச் சந்தேகம் வந்தது. இவர் நெகட்டிவில் கை வைக்கிறார் என்றார்கள்.

கை வைத்தது உண்மைதான். பனிப்படிகம் வெள்ளை, பின்னணியும் வெளிறியது, படத்தில் எடுப்பாகத் தெரியாது. அதனால் பென்ட்லி நெகட்டிவில் படிகத்தைச் சுற்றியுள்ள பகுதியைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிடுவார். அச்சிட்டால் பின்னணி கன்னங்கரேலென்று வரும். படிகத்தை நான் தொடவில்லை, சுற்றியுள்ளதைத்தான் நீக்கினேன் என்பது அவருடைய வாதம். ஆனால் விளிம்பை ஒட்டிக் கத்தி போகும்போது எது படிகம், எது பின்னணி என்று முடிவு செய்வது அவர் கைதானே?

அதைவிடப் பெரிய திருத்தம் கத்தியால் நடந்ததில்லை, இறகால் நடந்தது. வானத்திலிருந்து விழுகிற பனித்துகள்களில் பெரும்பாலானவை ஒழுங்கற்றவை. சமச்சீரான ஆறுகை நட்சத்திரம் அபூர்வம். பென்ட்லி பொய் சொல்லவில்லை, அவர் எடுத்த ஒவ்வொன்றும் உண்மையிலேயே விழுந்த பனி. ஆனால் அழகானதையே தேடித்தேடி எடுத்தார். விளைவு என்னவென்றால், இன்று கிறிஸ்துமஸ் அட்டையிலிருந்து ஏசி ரிமோட் பொத்தான் வரை பனி என்றாலே அந்த நட்சத்திரம்தான். பனியே பார்க்காத நமக்கும் அதுதான் பனி.

அவர் புத்தகத்தைப் பார்த்து உந்துதல் பெற்ற ஒருவர் ஜப்பானில் இருந்தார். ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்த உகிச்சிரோ நாகாயா. அவருக்கு வேண்டியது வேறு. எந்தக் குளிரில், எவ்வளவு ஈரத்தில் எந்த வடிவம் பிறக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்கு அழகானது மட்டும் போதாது. ஊசி மாதிரியானவை, குட்டைத் தூண் மாதிரியானவை, உருவமே இல்லாதவை என்று விழுந்த எல்லாவற்றையும் எடுத்து வகைப்படுத்தினார். 1936 மார்ச் 12 அன்று ஆய்வுக்கூடத்திலேயே செயற்கைப் பனிப்படிகத்தை வளர்த்தும் காட்டினார். அந்தப் படிகம் ஒட்டிக்கொண்டு வளர என்னென்னமோ முயன்று கடைசியில் கைகொடுத்தது ஒரு முயல் ரோமம்.

பென்ட்லியின் பிரியம் இல்லையென்றால் நாகாயாவின் கேள்வி வந்திருக்குமா என்பது சந்தேகம். பென்ட்லியின் இறகு ஒதுக்கியதைத் திரும்ப எடுத்துக்கொண்ட பிறகுதான் நாகாயாவுக்குப் பதில் கிடைத்தது. இரண்டும் உண்மை.

காக்கா, அணில், யானை

நம்ம ஊரிலும் ஒருத்தர் இருந்தார். மா. கிருஷ்ணன். ஆரம்பகாலத் தமிழ் நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1912-ல் பிறந்தவர். ஸ்கூல் டீச்சர், விளம்பர அதிகாரி என்று பல வேலை பார்த்தார். இன்றைய கர்நாடகத்தில் இருக்கும் சந்தூர் சமஸ்தானத்தில் வேலை செய்த 1940-களில் ஆடு வளர்த்தார், புறா வளர்த்தார். பிறகு சென்னைக்கு வந்து எழுத்தையும் புகைப்படத்தையும் நம்பியே வாழ்ந்தார். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950-ல் ஆரம்பித்த 'கன்ட்ரி நோட்புக்' பத்தி 1996 பிப்ரவரியில் அவர் இறக்கும் வரை வந்தது. அதுவும் 46 வருடம்.

கருப்பு வெள்ளையில்தான் படமெடுத்தார். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே கோத்த ஒரு கனமான கேமராவைத் தூக்கிக்கொண்டு காடு காடாகப் போனார். அவருடைய யானைப் படங்கள்தான் பிரபலம். ஆனால் அவருடைய பத்தியில் யானைக்குக் கிடைக்கிற அதே கவனம் காக்காவுக்கும் அணிலுக்கும் பல்லிக்கும் கிடைக்கும். பெரிய மிருகம், அபூர்வ மிருகம் என்கிற வரிசையே அவரிடம் கிடையாது. இயற்கையைப் பார்க்கச் சரணாலயத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்பவர்களுக்கு அந்த எழுத்து ஒரு பதில். நேசிப்பதும் அழகானதைப் பொறுக்குவதும் ஒன்றில்லை என்று அவரைப் படிக்கும்போது புரியும்.

இப்போது இறகு யார் கையில்?

இந்த வரலாற்றை இன்று சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. வீட்டு நாயையும் ஜன்னல் குருவியையும் மனிதர்கள் இவ்வளவு எடுத்த காலம் இதற்கு முன் இல்லை. இருபது எடுத்து ஒன்றை வைத்துக்கொள்கிறோம். மீதி போய்விடும். எது 'பெஸ்ட் ஷாட்' என்று போனே சொல்லிக்கொடுக்கிறது. பின்னணியை மங்கலாக்குவதும் அதுவே. பென்ட்லி கத்தியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் செய்ததை அது நாம் கேட்காமலே செய்துவிடுகிறது. அவருக்காவது தான் எதைத் துடைத்துப் போடுகிறோம் என்று தெரிந்திருந்தது.

2008-ல் கலிபோர்னியாவில் மாணவர்கள் சிலர் தொடங்கிய 'ஐநேச்சுரலிஸ்ட்' தளம் ஒன்று செய்கிறது. வீட்டுச் சுவரில் உட்கார்ந்த அந்துப்பூச்சியைச் சுமாராக எடுத்துப் போட்டாலும் போதும். தேதியும் இடமும் இருந்து, இன்னதென்று மற்றவர்கள் அடையாளம் காண முடிந்தால், அது ஆராய்ச்சிக்குப் பயன்படும் பதிவாகிவிடுகிறது. அங்கே அழகுக்கு மதிப்பெண் இல்லை. அந்தப் பூச்சி அங்கே இருந்தது, அன்றைக்கு இருந்தது, அதுதான் செய்தி.

வளர்ப்புப் பிராணிக்கும் இது பொருந்தும். கேமராவைப் பார்த்து ஒழுங்காக உட்கார்ந்த நாயின் படத்தை எல்லோரும் வைத்திருப்போம். 1850-ன் நாயும் அப்படித்தான் உட்கார வைக்கப்பட்டது, அன்று வேறு வழியில்லை. வாலை ஆட்டிக்கொண்டே ஓடிவந்து பாதி உடம்பு பிரேமுக்கு வெளியே போன படம், தலை புகையாகக் கலைந்த படம், கோணலாக வந்த படம் எல்லாம் அது நம் வீட்டில் உண்மையில் எப்படி இருந்தது என்பதற்கான சாட்சி. பத்து வருடம் கழித்து அந்த நாய் இல்லாதபோது தேடப்போவது அதைத்தான். ஒன்றிரண்டை அழிக்காமல் விட்டு வையுங்கள், தேதியோடு.