எச்சிலில் எழுதிய ஜாதகம்

பொள்ளாச்சியிலும் சரி, மேலே எங்கள் வால்பாறையிலும் சரி, கல்யாணப் பேச்சு எழுந்தால் ஜாதகத்துக்கு முன்பே ஒரு விசாரிப்பு நடக்கும். "அந்த வீட்டுல யாருக்காச்சும் மூளைக் கோளாறு உண்டுங்களா?" ஒரு சித்தப்பாவுக்கு இருந்தது என்றால் போதும், சம்பந்தம் கலைந்துவிடும். இன்று எச்சிலைக் குழாயில் எடுத்து அனுப்பினால் மரபணுவைப் படித்துச் சொல்ல ஆள் இருக்கிறது. மனித மரபணுவை முதன்முதலில் படித்து முடித்த 2003-இல், அதற்கான செலவு சுமார் 300 கோடி டாலர். இப்போது ஆயிரம் டாலருக்கும் குறைவு. இனி மாப்பிள்ளை வீட்டார் அந்தச் சீட்டையும் கேட்கக்கூடும். ஆகவே அதன் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

காதில் குரல் கேட்பது, காரணமில்லாத சந்தேகம், பேச்சு தடம் மாறுவது. பெரும்பாலும் இருபது வயதையொட்டித் தொடங்கும் இந்த நோய்க்கு மனச்சிதைவு என்று பெயர். நூறு பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு வரும். நம் ஊரில் பேய் என்றார்கள். குணசீலத்துக்கும் ஏர்வாடிக்கும் கூட்டிப்போனார்கள். 2001 ஆகஸ்டில் ஏர்வாடிக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டியிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையை 1961 முதல் 1978 வரை நடத்தியவர் டாக்டர் சாரதா மேனன். ஓய்வு பெற்ற பிறகு நம்மைப் போல ஈசிச்சேரில் சாய்ந்துவிடவில்லை அந்த அம்மா. 1984-இல் சென்னையில் 'ஸ்கார்ஃப்' என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே டாக்டர் தாராவும், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலிருந்து பிரையன் மௌரியும் சேர்ந்து, நோயாளிகள், உறவினர்கள், நோயில்லாதவர்கள் என 3000-க்கும் மேற்பட்டோரின் மரபணுவை ஆராய்ந்தார்கள். ஆட்களைத் தேடிச் சேர்க்கவே பல வருஷம் ஆயிற்று. அதுவரை இப்படிப்பட்ட பெரிய ஆராய்ச்சிகள் ஐரோப்பியரையும் கிழக்காசியரையும் வைத்தே நடந்திருந்தன.

2019-இல் முடிவு வெளியானது. எட்டாவது குரோமோசோமில் ஒரு மரபணு அகப்பட்டது. பி3 வைட்டமினை உடம்பு பயன்படுத்துவதில் அதற்குப் பங்கு உண்டு. பி3 குறைந்தால் வரும் பெலாக்ரா நோயிலும் புத்தி தடுமாறும் என்பது பழைய டாக்டர்களுக்குத் தெரிந்த சங்கதி. அதற்காக மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம்; ஆராய்ச்சி அப்படிச் சொல்லவில்லை.

அந்த ஒரு மரபணுவை வைத்துக்கொண்டு யாருக்கும் தீர்ப்புச் சொல்லவும் முடியாது. 2022-இல் வந்த உலக அளவிலான ஆய்வு, இந்த நோயோடு தொடர்புள்ள 287 இடங்களை மரபணுவில் கண்டது. அநேகமாக ஒவ்வொன்றின் பங்கும் கடுகளவு. எல்லாவற்றையும் கூட்டி மதிப்பெண் போடுகிறார்கள். ஐரோப்பியரை வைத்துப் போட்ட அந்தக் கணக்கு நமக்கு அவ்வளவாகப் பொருந்துவதில்லை. 22-ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு விடுபட்டிருந்தால் நாலில் ஒருவருக்கு நோய் வரலாம். ஆனால் அது அபூர்வம்.

ஒரே மரபணு கொண்ட இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தால், மற்றவருக்கு வருவது பாதிக்குப் பாதி என்றுகூடச் சொல்ல முடியாது. தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்தாலும், பத்துப் பிள்ளைகளில் ஒன்பதுக்கு வருவதில்லை. சித்தப்பாவுக்கு இருந்தது என்றால் ஆபத்து அதைவிடக் குறைவு. அவருக்காகச் சம்பந்தம் கலைந்து, வீட்டோடு இருந்துவிட்ட பெண்கள் எங்கள் எஸ்டேட் லைன்களில் எத்தனை பேர்!