உள்ளலை

கடலின் மேற்பரப்பில் அல்லாமல், நீருக்குள்ளேயே எழுந்து நகரும் அலை. உள் + அலை = உள்ளலை; தனிக்குறிலை அடுத்த மெய், உயிர் வரும்போது இரட்டித்தது. 'அலை' என்பது 'அசை, திரி' எனப் பொருள்படும் வினை. அதுவே பெயராகவும் நின்றது. திருச்செந்தூரின் பழம்பெயரான 'அலைவாய்' இப்பெயரின் பழமையைக் காட்டும். 'அக அலை' என்றும் எழுதுவர்.

வெப்பமண்டலக் கடலில் வெதுவெதுப்பான, எடை குறைந்த நீர் மேலேயும், குளிர்ந்த, அடர்ந்த நீர் கீழேயும் தங்கும். ஓதநீர் கடலடி மேடுகளைக் கடக்கையில் இரண்டுக்கும் இடைப்பட்ட எல்லை குலுங்கி அலையாகிறது. அந்தமான் கடலில் இவ்வலைகள் 60 மீட்டருக்கு மேலும் உயர்வதை ஆஸ்பர்ன், பர்ச் இருவரும் 1980இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அப்போதும் மேற்பரப்பு ஏறி இறங்குவது மிகச் சிறிதே.

ஆயினும் உள்ளலை மேல்நீரை ஓரிடத்தில் நெருக்கி, வேறோரிடத்தில் விலக்குகிறது. நெருங்கிய இடத்தில் சிற்றலைகள் மிகுந்து நீர் சொரசொரக்கும். விலகிய இடம் வழவழப்பாகும். செயற்கைக்கோள் ராடார் அனுப்பும் நுண்ணலை சொரசொரப்பில் பட்டு மிகுதியாகத் திரும்புவதால், படத்தில் வெள்ளையும் கறுப்புமான பட்டைகள் பல கிலோமீட்டர் நீளத்துக்குத் தெரியும். மேகமும் இருளும் ராடாருக்குத் தடையல்ல.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் 'கிரிஸ்ப்' தொலையுணர்வு மையம், ஐரோப்பிய இஆர்எஸ் செயற்கைக்கோள்களின் ராடார் படங்களைக் கொண்டு தென்சீனக் கடல், அந்தமான் கடல் உள்ளலைகளை ஆராய்ந்துள்ளது. கடலடி எண்ணெய்த் துரப்பணத்துக்கும் நீர்மூழ்கிகளுக்கும் இவ்வறிவு இன்றியமையாதது.