அடுக்குருக்குக் கத்தி

அடுக்குருக்குக் கத்தி என்பது, கடினமான உருக்கையும் மிருதுவான இரும்பையும் உலையில் ஒன்றாகப் பற்றவைத்து, உருக்கே வெட்டுவாயாக அமையும்படி அடித்து உருவாக்கப்படும் கத்தியாகும். கரி மிகுந்த உருக்கு நெடுநாள் கூர் மழுங்காதாயினும் எளிதில் உடையும். கரி குறைந்த இரும்போ வளைந்து கொடுக்குமேயன்றிக் கூர் தாங்காது. ஒரே உலோகத்தில் ஒருங்கே வாய்ப்பதற்கரிய இவ்விரு குணங்களையும் ஒரே அலகில் சேர்ப்பதே இம்முறையின் பிரயோஜனம். சுவீடன் தேசத்து மோரா முதலிய இடங்களிலும் இது வழங்கி வந்ததெனினும், ஜப்பானில் ஒசாகாவை அடுத்த சக்காய் நகரத்துச் சமையற் கத்திகள் இதற்குச் சிறந்த உதாரணமாகும்.

மூலப்பொருள்கள்: ஜப்பானியக் கொல்லர் பெரிதும் கையாளும் யசுகி உருக்கு, சுற்றிவரும் காகிதத்தின் நிறத்தைக் கொண்டு வெள்ளைக் காகிதம், நீலக் காகிதம் என்று பெயர் பெறும். வெள்ளையில் இரண்டாம் தரத்திற்குக் கரி 1.05 முதல் 1.15 விழுக்காடு வரை உண்டு. குரோமியமும் டங்ஸ்டனும் சேர்ந்த நீல வகையில் கூர் அதிக நாள் நிற்கும். வெள்ளை வகை சாணை பிடிப்பதற்கு இலகுவானது.

பற்றவைத்தல்: காய்ச்சிய இரும்புக் கட்டையின்மீது வெங்காரமும் இரும்புத்தூளும் கலந்த பொடியைத் தூவி, அதன்மேல் உருக்குத் துண்டை அமர்த்தி, மீண்டும் உலையிலிடுவர். வெங்காரம் கண்ணாடிபோல் உருகிப் பரவி, இரு பரப்புகளிலும் படிந்த கிட்டத்தைக் கரைத்துவிடும். அடி விழுந்ததும் அந்தக் குழம்பு பொறியோடு பக்கங்களில் பீறி வெளியேற, சுத்தமான உலோகமும் உலோகமும் கூடிப் பற்றிக்கொள்ளும். உஷ்ணம் குறைந்தால் பற்று நிலைக்காது. மிகுந்தால் உருக்கின் மணிகள் பருத்து, கரியும் எரிந்து, வாய் வலுவிழக்கும். ஆகையால் பற்றுவதற்கு வேண்டிய அளவு சூடேற்றி, அதற்குமேல் ஏறாமல் தடுப்பதிலேயே கொல்லனுடைய சாமர்த்தியம் முழுவதும் அடங்கியுள்ளது.

தோய்ச்சல்: அடித்து உருவாக்கிய அலகை வைக்கோற் சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட்டபின், அதன்மேல் களிமண் குழம்பை மெல்லியதாகப் பூசுவர்; நீராவிப் படலம் அலகைப் போர்த்திக் குளிர்ச்சியைத் தடுக்காதிருக்க அப்பூச்சு உதவும். நெருப்பின் நிறத்தைக் கண்ணால் மதிக்க வேண்டியிருப்பதால் பட்டறையை இருட்டாக்கி, ஏறத்தாழ 800 பாகை செல்சியஸ் சூட்டில் அலகைத் தண்ணீரில் தோய்ப்பர். அப்போது உருக்கு சற்றே விரிய, இரும்பு அவ்வாறு விரியாமையால், ஒரு புறம் மட்டும் உருக்குடைய அலகு கோணிக்கொள்ளும்; அதைச் சுத்தியலால் தட்டி நேராக்குவது தனியொரு வேலை. பின்னர் இளஞ்சூட்டில் வாட்டுகையில், தெளித்த நீர்த்துளி அலகின்மேல் உருண்டோடும் விதத்தைக் கொண்டு பக்குவத்தை நிதானிப்பர்.

அமைப்பு: இருபுறமும் இரும்பும் நடுவே உருக்குமாக மூன்று அடுக்குடையது ஒரு வகை; ஒருபுறம் இரும்பும் மறுபுறம் உருக்குமாக இரண்டு அடுக்குடையது மற்றொன்று. பச்சைமீனைச் சீவும் யனகிபா பிந்தியதைச் சேர்ந்தது. தீட்டிய அலகில் இரும்புப் பகுதி மங்கலாகவும் உருக்குப் பகுதி பளபளப்பாகவும் தோன்றுவதால், இரண்டும் கூடிய எல்லையைப் பார்த்த மாத்திரத்தில் அறியலாம். முழுதும் உருக்காலான கத்தியைவிட இதைத் தீட்டுவது எளிது. தேய்க்கவேண்டிய பரப்பிற் பெரும்பகுதி மிருதுவான இரும்பேயன்றோ?

வரலாறு: பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக ஜப்பானுக்குப் புகையிலை வந்தபின், அவ்விலையை அரியும் கத்திகளால் சக்காய் பெயர் பெற்றது. அங்கே அடிப்பவர், தீட்டுபவர், பிடி போடுபவர் என்று தொழில் பிரிந்து நடக்கும் சம்பிரதாயம் இன்றும் உண்டு. ஆலையிலேயே பற்றவைத்து வரும் தகடுகள் இக்காலத்தில் பெருகியுள்ளனவாயினும், கையால் பற்றவைக்கும் பட்டறைகள் அற்றுப்போகவில்லை. சக்காயின் கத்தித் தொழிலை ஜப்பானிய அரசாங்கம் 1982-ஆம் ஆண்டில் பாரம்பரியக் கைத்தொழிலாக அங்கீகரித்தது.